பழைய தமிழ் டிவிடியைப் போட்டால் பிளேயரின் தரம் தெரியும்

கொழும்பு புறக்கோட்டை முதலாம் குறுக்குத் தெருவில் டிவிடி, ப்ளூரே பிளேயர் வாங்கப் போகிறவர்கள் கடையில் ஓடும் டெமோவை நம்பவேண்டாம். வீட்டிலுள்ள பழைய தமிழ்ப் பட டிவிடி ஒன்றைக் கையோடு கொண்டுபோங்கள். ப்ளூரேயில் படம் பெரும்பாலும் நொடிக்கு 24 முழு ஃபிரேமாகவே இருக்கும். அதை அப்படியே அனுப்பினால் வேலை முடிந்தது, மலிவான பிளேயருக்கும் விலை கூடியதற்கும் வித்தியாசம் காண்பது கஷ்டம். சாயம் வெளுப்பது டிவிடியில்தான்.

இலங்கை, 576 வரியும் நொடிக்கு 50 அரைப்படமும் கொண்ட ‘பால்’ டிவி முறை நாடு. (அரைப்படம் என்பது ஒன்றுவிட்ட ஒரு வரி மட்டும் உள்ள படம்; இரண்டு சேர்ந்தால் ஒரு முழு ஃபிரேம்.) ஆனாலும் இங்கே புழங்கும் தமிழ்ப் பட டிவிடிகளில் பல ‘என்டிஎஸ்சி’ என்ற அமெரிக்க முறை: 480 வரி, நொடிக்கு ஏறத்தாழ 60 அரைப்படம். 24 ஃபிரேமை அதற்குள் அடக்க, ஒரு ஃபிரேமை இரண்டு அரைப்படமாகவும் அடுத்ததை மூன்றாகவும் மாறிமாறிப் போடுவார்கள். நல்ல பிளேயர் இந்த ஒழுங்கைப் பிடித்து, சரியான சோடிகளைக் கோத்து முழு ஃபிரேமைத் திருப்பி எடுக்கும். மலிவானது பாடல் காட்சியில் ஷொட் மாறும் ஒவ்வொரு ‘கட்’டுக்கும் பிடியை விட்டுவிடும். நடிகை திரும்பும்போது சேலைக் கரைச் சரிகை சீப்புப் பல்லாகக் கிழிவதைப் பாருங்கள். சிவப்பின் ஓரத்தையும் வடிவாகக் கவனியுங்கள்: குங்குமப் பொட்டைச் சுற்றி கிடைக்கோடுகள் படிக்கட்டுபோல நின்றால், டிஸ்க்கின் தரவைப் படமாக்கும் டீகோடர் நிறத்தைத் தப்பாக விரிக்கிறது. இதை எந்த செட்டிங்காலும் திருத்த முடியாது, வாங்காதீர்கள்.

பழி டிஸ்க்கிலும் இருக்கலாம். நிறுத்தி, ஒவ்வொரு ஃபிரேமாக நகர்த்துங்கள். ஒரே ஃபிரேமில் கை இரண்டாக, ஆவிபோலத் தெரிந்தால், ‘பால்’ பிரதியை ‘என்டிஎஸ்சி’ ஆக்கும்போதே படங்களைக் கலந்துவிட்டார்கள். எவ்வளவு விலைகொடுத்த பிளேயரும் அதைக் காப்பாற்றாது.

பாவித்த பிளேயர் என்றால் முதலில் ‘டிவி சிஸ்டம்’ மெனுவைத் திறக்கவும். ‘பால்’ என்று பூட்டியிருந்தால் 480 வரி 576 ஆக இழுபட்டு, 60 என்பது 50 ஆகக் குறைந்து, கமரா நகரும் இடமெல்லாம் வெட்டிவெட்டிப் போகும். ‘ஆட்டோ’ அல்லது ‘மல்டி’க்கு மாற்றினாலே பாதி வியாதி குணமாகும். மஞ்சள் முனை வீடியோ வயரை விட்டு எச்டிஎம்ஐக்கு வாருங்கள். மலிவான பிளேயர் படத்தை 1080 வரியாகப் பெருக்குவது மங்கலாக இருந்தால் 480 பி அல்லது 576 பி-யில் வைத்து, பெருக்குவதை டிவியிடம் விடுங்கள். ஷார்ப்னஸ், நாய்ஸ் ரிடக்‌ஷன் இரண்டையும் பூச்சியத்தில் வையுங்கள்.

4கே டிஸ்க் பார்ப்பவர்களுக்கு பானசோனிக் டிபி-யூபி820ஐ தயங்காமல் சொல்வோம். எச்டிஆர் (வெளிச்ச, இருட்டு வீச்சு கூடிய) படத்தின் வெளிச்சத்தை டிவியின் வலுவுக்கு ஏற்ப அடக்கித் தருவதால், வெள்ளை மேகம் வெறும் வெள்ளையாகக் கரைந்துபோகாது. சோனி யூபிபி-எக்ஸ்800எம்2 படத்தில் குறையில்லை. ஆனால் எச்டிஆரின் இன்னொரு வகையான டொல்பி விஷனை டிஸ்க்குக்கு டிஸ்க் கையால் போட்டு அணைக்கவேண்டும். மறந்துவிட்டால் சாதாரண எச்டிஆர் டிஸ்க்கும் டொல்பி விஷனாகவே வெளியேறும், நிறமும் வெளிச்சமும் பிசகும்.

டிஸ்க் எந்தப் பகுதிப் பிளேயரில் ஓடும் என்று காட்டும் வலயக் குறி இங்கே டிவிடிக்கு 5, ப்ளூரேக்கு சி. 4கே டிஸ்க்குக்கு வலயமே இல்லை. வெளிநாட்டிலிருந்து பிளேயர் எடுப்பிப்பவர்கள் பின்பக்கத்தில் 230 வோல்ட், 50 ஹேர்ட்ஸ் இருக்கிறதா என்றும் பாருங்கள்.