மலையில் வீடு வாங்கியாயிற்று: வாடகையா, போக்கியமா, விற்பனையா?

2023 அக்டோபரில், நீலகிரியில் கோத்தகிரிக்குக் கீழே, அரவேணுப் பக்கம் ஒரு வீடு வாங்கினேன். இரண்டு படுக்கையறை, தகரக் கூரை, பின்னால் நாலு வரிசைத் தேயிலை. குடியிருக்க அல்ல, நான் இருப்பது மேட்டுப்பாளையத்தில். சேமிப்பையும் கொஞ்சம் வங்கிக் கடனையும் போட்டு, முதலீடு என்று வீட்டில் சொல்லிச் சமாளித்து வாங்கியது.

பத்திரம் பதிந்த மறுவாரமே தரகர் போன் செய்தார். "அண்ணா, அஞ்சு லட்சம் கூட வெச்சுக் கேக்க ஆளு இருக்குதுங்க. வித்துருங்க" என்றார். ஒரு வாரத்தில் ஐந்து லட்சம்! அன்று இரவு எனக்குத் தூக்கமே வரவில்லை. காலையில் காகிதத்தில் கணக்குப் போட்டதும் தூக்கம் வந்துவிட்டது.

வாங்கிய விலை 60 லட்சம். முத்திரைத்தீர்வை 7 சதவீதம், பதிவுக் கட்டணம் 2 சதவீதம், ஆக 5 லட்சத்து 40 ஆயிரம். (2023 ஜூலைக்கு முன் பதிவுக் கட்டணம் 4 சதவீதமாக இருந்தது. அதைக் குறைத்த கையோடு, பதிவுக்கென்று அரசு நிர்ணயிக்கும் விலையான வழிகாட்டி மதிப்பை ஏற்றிவிட்டார்கள் என்பது வேறு கதை.) அதாவது வீடு எனக்கு விழுந்தது 65 லட்சத்து 40 ஆயிரத்துக்கு. 65-க்கு விற்றால் 40 ஆயிரம் நஷ்டம், தரகருக்கு மட்டும் இரண்டு முறை கமிஷன். புதிதாக இறங்குகிறவர்கள் முதலில் பார்க்க வேண்டியது இந்த ஒன்பது சதவீதத்தைத்தான். விலை அந்த அளவு ஏறும்வரை விற்பனை என்ற பேச்சே இல்லை.

அடுத்தது காலக்கணக்கு. வாங்கி 24 மாதத்துக்குள் விற்றால் வரும் லாபம் உங்கள் வருமானத்தோடு சேர்ந்து, நீங்கள் இருக்கும் வரி அடுக்கில் போய் விழும். 24 மாதம் தாண்டினால் 12.5 சதவீதம். என் வீட்டை 80 லட்சத்துக்கு விற்பதாக வைத்துக்கொண்டால் லாபம் 14 லட்சத்து 60 ஆயிரம். 30 சதவீத அடுக்கில் இருப்பவருக்கு வரி 4 லட்சத்து 38 ஆயிரம். பொறுத்து விற்றால் 1 லட்சத்து 82 ஆயிரத்து 500. வரியின் மேல் போடும் செஸ் தனி. பொறுமைக்கு இரண்டரை லட்சம் சம்பளம் என்று வைத்துக்கொள்ளுங்கள். 2024 ஜூலை 23-க்கு முன் வாங்கியவர்களுக்கு, பணவீக்கத்தைக் கழித்துக்கொண்டு 20 சதவீதம் கட்டும் பழைய முறையும் உண்டு. போட்டுப் பார்த்தேன், எனக்கு இரண்டுக்கும் பெரிய வித்தியாசம் வரவில்லை. இன்று வாங்குகிறவருக்கு அந்தத் தேர்வே கிடையாது.

சரி, அந்த இரண்டு வருடம் வீட்டை என்ன செய்வது?

நான் முதலில் விழுந்தது தினவாடகை ஆசையில். 2024 ஏப்ரலில் தெரிந்தவர்கள் மூலமாக ஆட்களைத் தங்கவைத்தேன். ஓர் இரவுக்கு 3,500 ரூபாய். ஒரு வாரக்கடைசியில் வந்த பணம் அரை மாத வாடகைக்குச் சமம், தலைகால் புரியவில்லை. மே 7 முதல், உயர் நீதிமன்ற உத்தரவுப்படி நீலகிரிக்கும் கொடைக்கானலுக்கும் வண்டியில் வர முன்கூட்டியே இணையத்தில் எடுக்க வேண்டிய இ-பாஸ் வந்தது. கேட்டிருந்தவர்களில் பாதிப் பேர் பின்வாங்கினார்கள். மறுவருடம் ஏப்ரலிலிருந்து ஜூன் வரை நீலகிரிக்கு வார நாளில் 6,000, வாரக்கடைசியில் 8,000 வண்டிகள்தான் என்று உச்சவரம்பே வைத்துவிட்டார்கள். டிஎன் 43 என்ற நீலகிரிப் பதிவெண் வண்டிக்குப் பாஸ் வேண்டாம், ஆனால் உள்ளூர்க்காரர் எதற்கு என் வீட்டில் வந்து தங்கப்போகிறார்?

அதைவிடப் பெரிய தவறு, அனுமதி வாங்காமல் செய்தது. குடியிருப்பு என்று வரைபட அனுமதி வாங்கிய வீட்டை விடுதியாக நடத்தினால் சீல் வைப்பார்கள். இந்த மாவட்டத்தில் வைத்தும் இருக்கிறார்கள். உரிமையாளர் அங்கேயே குடியிருந்து, முறையாகப் பதிவு செய்து நடத்துகிறவர்களுக்கு ஹோம்ஸ்டே நல்ல தொழில். மேட்டுப்பாளையத்தில் உட்கார்ந்துகொண்டு கேட்டைத் திறக்க ஆள் தேடுகிறவனுக்கு அது தொழிலே அல்ல, தலைவலி. ஜூன் மழை தொடங்கியதும் கூப்பிட ஆளில்லை. பூட்டிய வீட்டை மூன்று வாரம் கழித்துத் திறந்தபோது மெத்தையில் பூஞ்சை, அலமாரிக்குப் பின்னால் சுவர் முழுக்க ஓதம்.

வாடகைக்கு விடுவதைப் பற்றி நான் நினைத்திருந்ததை மாற்றியது அந்தச் சுவர்தான். வரவை மட்டும் பார்த்தால் வாடகை கேவலமான முதலீடு. மாதம் 14 ஆயிரம், வருடம் 1 லட்சத்து 68 ஆயிரம். 60 லட்சத்துக்கு 2.8 சதவீதம். வங்கி வைப்பு இதைவிட அதிகம் தரும். ஆனால் கீழ்நாட்டில் பூட்டிய வீட்டில் தூசுதான் படியும். இங்கே பூட்டிய வீடு அழுகும். அடுப்பு எரிந்து, ஜன்னல் திறந்து, ஆள் நடமாடினால்தான் சுவர் காயும். கூரைத் தகரத்தில் ஆணி பெயர்ந்து ஒழுகினால் அன்றே ஒருவர் போன் செய்வார். குடியிருப்பவர் வாடகையும் தருகிறார், வீட்டை விற்கக்கூடிய நிலையிலும் வைத்திருக்கிறார். அந்த இரண்டாவதற்கு எந்தக் கணக்குப் புத்தகத்திலும் இடம் இல்லை.

வருமான வரியில், வாடகையில் வீட்டுவரி போக மீதியில் 30 சதவீதம் பழுதுபார்க்கவென்று நேராகக் கழித்துக்கொள்ளலாம், ரசீது கேட்கமாட்டார்கள். அதற்கு மேல் செலவானாலும் கூடுதலாகக் கழிக்க முடியாது. கூரைத் தகரம் மாற்றிய வருடம் எனக்கு அது வலித்தது. கடன் வட்டிக்குக் கழிவு தனியாக உண்டு.

ஆள் கிடைப்பது இடத்தைப் பொறுத்தது. வெலிங்டன், அருவங்காடு பக்கம் ராணுவத்தாலும் தொழிற்சாலையாலும் வருடம் முழுக்கக் கேட்பார்கள். ஊட்டியில் மருத்துவக் கல்லூரி வந்தபின் அங்கும் அப்படித்தான். குன்னூரில் முதல் கேள்வி வாடகை அல்ல, தண்ணீர் எத்தனை நாளைக்கு ஒருமுறை என்பது. எனக்கு வாய்த்தது ஓர் ஆசிரியர் தம்பதி. ஒப்பந்தத்தை எழுத்தில் போட்டு, 2019-இல் நடைமுறைக்கு வந்த வாடகைச் சட்டப்படி வாடகை அதிகாரியிடம் பதிந்துகொண்டோம். "பதினோரு மாசத்துக்கு எழுதுனா போதும், பதிவெல்லாம் எதுக்குங்க" என்று சொல்ல ஊரில் ஆள் இருந்தார்கள். கேட்கவில்லை.

போக்கியம் பற்றியும் ஒரு வார்த்தை. பக்கத்து வீட்டு அக்கா தன் வீட்டை அப்படித்தான் விட்டிருக்கிறார்: ஆறு லட்சம் வாங்கிக்கொண்டு மூன்று வருடம், வாடகை கிடையாது. மொத்தப் பணம் கைக்கு வருவது சுகம்தான். திருப்பிக் கொடுக்க வேண்டிய பணம் அது என்பது மூன்றாம் வருடம்தான் உறைக்கும். நடுவில் விற்க நினைத்தால் முதலில் ஆறு லட்சத்தைப் புரட்ட வேண்டும். பதிந்திருந்தால் வில்லங்கச் சான்றில் வேறு நிற்கும். விற்கும் எண்ணம் கொஞ்சமாவது இருந்தால் போக்கியத்தின் பக்கமே போகாதீர்கள்.

விற்பனைக்கு வருகிறேன். மலையில் வீடு மெதுவாகத்தான் விலைபோகும். சமவெளியிலிருந்து வருகிறவர் "மேல ரெண்டு மாடி எழுப்பலாமா?" என்று கேட்பார். ஏழு மீட்டர் உயரத்துக்கு மேல் கட்ட முடியாது என்றதும் பாதி ஆர்வம் போய்விடும். மீதிப் பாதி, வீட்டுக்குப் பின்னால் உள்ள சரிவைப் பார்த்ததும் போகும். 2009 நவம்பரில் மண் சரிந்து நாற்பதுக்கும் மேற்பட்டவர்கள் இறந்ததை இங்கே யாரும் மறக்கவில்லை. கூடலூரில் ஜன்ம நில ஒழிப்புச் சட்டத்தின் பிரிவு 17-இல் உரிமை தீராமல் கிடக்கும் நிலம், தனியார் காடு என்று அறிவிக்கப்பட்ட இடம், மசினகுடி யானை வழித்தடம் இவற்றில் மாட்டியவர்களுக்கு நான் எழுதிய எந்தக் கணக்கும் பொருந்தாது. அங்கே முதலில் பார்க்க வேண்டியது வக்கீலை.

எல்லாம் சரியாக இருந்தால், விற்க ஏற்ற காலம் மார்ச்சிலிருந்து மே வரை. வெயில் அடிக்கும், சுவர் காய்ந்திருக்கும், கீழே கோவையில் வெக்கை தாங்காமல் ஆட்கள் மேலே ஏறுவார்கள். 50 லட்சமோ அதற்கு மேலோ என்றால் வாங்குகிறவர் 1 சதவீதம் பிடித்து உங்கள் பெயரில் வரியாகக் கட்டுவார். அதைக் கமிஷன் என்று நினைத்துச் சண்டை போடாதீர்கள். லாபத்தை இரண்டு வருடத்துக்குள் இன்னொரு வீட்டில் போட்டால் அந்த வரியும் மிச்சம்.

எனக்கு 24 மாதம் முடிந்துவிட்டது. தரகரிடம் இன்னும் சொல்லவில்லை. போன மாதம் வாடகை வாங்கப் போனபோது, வீட்டை விற்கும் எண்ணம் இருக்கிறது, உங்களுக்கு விருப்பமா என்று ஆசிரியரிடம் கேட்டேன். அவர் பதில் சொல்வதற்குள் அவர் மனைவி உள்ளேயிருந்து, "அந்தப் பின்பக்கத் தடுப்புச் சுவரை மொதல்ல கட்டிக் குடுங்கண்ணா, அப்புறம் விலை பேசலாம்" என்றார். கொத்தனாரை வரச் சொல்லியிருக்கிறேன்.