புதுமண்டபத்து மழை: பார்ட்டிகிளா, லேயரா?

மதுரை மீனாட்சி கோயிலின் கீழச் சித்திரை வீதியையும் எதிரே புதுமண்டபத்தையும் ஒரு கேம் காட்சியாகக் கட்டி மழையை இறக்கினால், எந்த முறை தேறும், எது தேறாது என்பது அங்கேயே தெரிந்துவிடும். ஒரு பக்கம் திறந்த கல் வீதி, மறுபக்கம் கூரையும் தூண் வரிசையும்.

போட்டியில் இருப்பவை இரண்டு முறைகள். பார்ட்டிகிள் (துகள்) மழையில் ஒவ்வொரு துளியும் தனி. கேமராவைச் சுற்றி 20×20 மீட்டர் அகலமும் 10 மீட்டர் உயரமும் உள்ள பெட்டிக்குள் துளிகள் பிறந்து விழும். வேகம் நொடிக்கு 8 மீட்டர் என்றால் ஒரு துளியின் ஆயுள் 1.25 நொடி. ஒரே நேரத்தில் 10,000 துளி வேண்டுமானால் நொடிக்கு 8,000 துளியைப் பிறப்பிக்க வேண்டும். லேயர் (அடுக்கு) மழையில் துளியே கிடையாது. மைக்ரோசாஃப்ட் ஃபிளைட் சிமுலேட்டர் 2004-க்குச் செய்ததுபோல, கேமராவைச் சுற்றி இரட்டைக் கூம்பு ஒன்றை மாட்டி, அதன்மேல் நான்கு டெக்ஸ்சர்களை, அதாவது மழைக்கோடு வரைந்த பட அடுக்குகளை, வெவ்வேறு வேகத்தில் ஓடவிடுவது. கேமரா முன்னே விரைந்தால் கூம்பு சாயும், மழை முகத்தில் அடிப்பதுபோலத் தெரியும்.

இந்த இரண்டுக்கும் எங்கே எல்லை போடுவது என்பதை ஒரு சின்னக் கணக்கு சொல்லிவிடும். 1080 பிக்சல் உயரத் திரை, செங்குத்துப் பார்வைக் கோணம் 60 டிகிரி. 10 மீட்டர் தள்ளி ஒரு பிக்சல் ஏறக்குறைய 10.7 மி.மீ. இடத்தைப் பிடிக்கும். 2 மி.மீ. துளி அதில் ஐந்தில் ஒரு பங்குகூட வராது. ஃபிரேமுக்கு ஃபிரேம் மினுக்கும். 2 மீட்டர் தூரத்தில்தான் துளியும் பிக்சலும் சமம். ஆகவே ஐந்தாறு மீட்டருக்கு அப்பால் பார்ட்டிகிள் போடுவது வீண் செலவு, அங்கே லேயர் போதும். 40 மீட்டருக்கு மேல் லேயரும் வேண்டாம், மூட்டம் மட்டும் போதும். கோபுரம் மங்குவதை அந்த மூட்டமே பார்த்துக்கொள்ளும். அருகில் விடும் துளியின் அகலம் ஒரு பிக்சலுக்குக் கீழே இறங்கினால், அகலத்தை ஒரு பிக்சலில் நிறுத்திவிட்டு, குறைந்த விகிதத்துக்கு ஏற்ப ஆல்ஃபாவை (ஒளிபுகா அளவை) குறையுங்கள். துளி இழுக்கும் கோட்டின் நீளத்தைக் கண்போக்கில் வைக்காதீர்கள். நொடிக்கு 9 மீட்டர் விழும் பெரிய துளி, நொடியின் 60-ல் ஒரு பங்கில் (ஒரு ஃபிரேமில்) 15 செ.மீ. இழுபடும்.

எந்த மழை என்பதும் முக்கியம். சித்திரை, வைகாசியில் புழுதிக் காற்றோடு வரும் கோடை மழை முதல் சில நிமிடம் பெரிய துளிகளாக, இடைவெளி விட்டு விழும். 4, 5 மி.மீ. துளியைக் கண் தனியாகப் பிடிக்கும். இதற்கு லேயர் உதவாது, ஒரே டெக்ஸ்சர் திரும்பத் திரும்ப ஓடுவது அப்பட்டமாகத் தெரிந்துவிடும். ஐப்பசி அடைமழையில் நிலைமை தலைகீழ். துளி சிறிது, அடர்த்தி அதிகம். பார்ட்டிகிள் எண்ணிக்கை ஏற ஏறச் செலவும் ஏறும். லேயருக்குத் தூறலும் ஒன்றுதான், கொட்டும் மழையும் ஒன்றுதான். ஆகும் செலவு பிக்சலுக்கு நான்கு டெக்ஸ்சர் வாசிப்பு, அவ்வளவே. நடுத்தர ஆண்ட்ராய்டு போனில், ஒன்றன்மேல் ஒன்றாக விழும் ஒளிபுகும் துகள்கள்தான் ஃபிரேம் விகிதத்தை முதலில் சாய்க்கும். வி.ஆர். (மெய்நிகர் கண்ணாடி) என்றால் மட்டும் கூம்பை மறந்துவிடுங்கள். அது தலையோடு ஒட்டிக்கொண்டு சுற்றும், ஆழம் தெரியாது.

இனி கூரை. பெரும்பாலான காட்சிகள் இங்கேதான் கெட்டுப்போகின்றன. பார்ட்டிகிள் மோதலுக்குத் திரையின் டெப்த் பஃபரை (ஒவ்வொரு பிக்சலும் எவ்வளவு தூரம் என்ற பதிவை) நம்பினால், வீதியில் நிற்கும்வரை எல்லாம் சரியாகத் தெரியும். மண்டபத்துக்குள் நுழைந்ததும் உள்ளே மழை பெய்யும். காரணம் எளிது: டெப்த் பஃபருக்குக் கேமரா பார்க்கும் முதல் பரப்பு மட்டுமே தெரியும். கூரைக்கு மேலே பிறந்த துளி, அதற்கு, கூரையின் அடிப்பரப்புக்குப் பின்னால் மறைந்த ஒரு பொருள். மோதல் என்று கணக்கில் ஏறாமல் நழுவி உள்ளே விழும். மேலிருந்து நேர்க்கோட்டுக் கேமராவால் எடுக்கும் உயர வரைபடத்துக்கு இந்தக் கோளாறு இல்லை. கோடாட் 4 கேம் எஞ்சினில் ஜி.பி.யு.பார்ட்டிகிள்ஸ்கொலிஷன்ஹைட்ஃபீல்ட்3டி இதைத்தான் செய்கிறது. 40 மீட்டர் பரப்புக்கு 1024 தெளிவு வைத்தால் ஒரு கட்டம் 4 செ.மீ. அளவுக்கு வரும், தூணுக்கும் கூரை விளிம்புக்கும் அது போதும். துகளின் மெட்டீரியலில் மோதலை ‘ஹைட் ஆன் கான்டாக்ட்’ (பட்டதும் மறை) என்று வையுங்கள். அதே வரைபடத்தை லேயர் மழைக்கும் பயன்படுத்தலாம்: ஒவ்வொரு லேயருக்கும் ஒரு கற்பனைத் தூரம் கொடுத்து, அந்தப் பிக்சலின் உலக இடம் கூரைக்குக் கீழே வந்தால் அழித்துவிட வேண்டும்.

நேர்க்குத்தாக எடுத்த வரைபடத்தில் சாரல் வராது. மழை நொடிக்கு 8, காற்று நொடிக்கு 4 மீட்டர் வேகம், கூரை விளிம்பு 4 மீட்டர் உயரம் என்றால், சாரல் 2 மீட்டர் உள்ளே அடிக்க வேண்டும். நீங்களே எழுதும் மேல்கேமராவைக் காற்றின் சாய்வுக்குச் சாய்த்துவிட்டால், முதல் தூண் வரிசை தானாகவே நனையும்.

துளியைவிட ஈரத்துக்கு அதிக நேரம் ஒதுக்குங்கள். துளியை அணைத்துவிட்டு ஈரத்தை மட்டும் வைத்தாலும் மழை பெய்ததாகக் கண் நம்பும். துளி மட்டும் விழுந்து தரை காய்ந்து கிடந்தால் நம்பவே நம்பாது. எல்லாப் பரப்பு மெட்டீரியலையும் ஒரே அளவில் பளபளப்பாக்குவது எளிய வழி. ஆனால் வீதி முழுக்கப் பிளாஸ்டிக் உறை போட்டதுபோல ஆகிவிடும். மண், செங்கல், சுண்ணாம்புப் பூச்சு ஆகியவற்றின் நுண்துளைகளில் நீர் ஏறுவதால் அவை கறுக்கும். அடிநிறத்தைப் பாதி அளவுக்குக் குறைக்கலாம். மெருகேற்றிய கல் அவ்வளவாகக் கறுக்காது. உலோகம் கறுக்கவே கறுக்காது. தேங்கிய நீருக்கு ரஃப்னஸ் (சொரசொரப்பு) 0.05, நேர்ப் பார்வைப் பிரதிபலிப்பு 0.02, நார்மல் (பரப்பின் திசை) தட்டையாக. ஈரம், தேங்கல் என்று இரண்டு தனி எண்களை 0 முதல் 1 வரை ஓட்டுங்கள். நனையும்போது முதலில் நிறம் கறுக்கும், பிறகு பளபளப்பு, கடைசியில் பள்ளத்தில் நீர். காயும்போது பளபளப்பு முதலில் போகும், கறுப்பு நிறம் பிறகுதான் வெளுக்கும். நனைய அரை நிமிடம் போதும், காயப் பல நிமிடம் கொடுங்கள்.

அடிக்கடி வரும் இன்னும் மூன்று கோளாறுகள். துளிக்கு வெள்ளை நிறம் கொடுத்து வானத்துக்கு எதிரேயும் தெரியவைப்பது ஒன்று. உண்மையில் இருண்ட பின்னணியிலும் விளக்கொளியிலும்தான் துளி தெரியும். பைக்கில் வேகமாகப் போனால் மழை பின்தங்குவது இன்னொன்று. பிறப்பிடத்தை, வண்டியின் வேகத்தைத் துளியின் ஆயுளில் பாதியால் பெருக்கி, அவ்வளவு தூரம் முன்னே தள்ளுங்கள். கேமராவைத் திருப்பினால் மொத்த மழையும் மறைந்தால், விசிபிலிட்டி பெட்டி (மழை திரைக்குள் இருக்கிறதா என்று எஞ்சின் பார்க்கும் எல்லை) சிறிதாக இருக்கிறது என்று அர்த்தம்.

போன் திணறினால் லேயரை நான்கிலிருந்து இரண்டாக்குங்கள், பிறகு பார்ட்டிகிளை 3 மீட்டருக்குள் சுருக்குங்கள். ஈரத்தில் கைவைக்காதீர்கள், மெட்டீரியலில் அது சில பெருக்கல்தான், வெட்டினாலும் மிச்சமாவது சொற்பம்.