பிரான்சைஸ் ஒப்பந்தத்தைப் படித்து விளக்கும் சட்ட ஆலோசனைச் சேவை: ஒரு மதிப்பீடு

பிரான்சைஸ் (ஒரு நிறுவனத்தின் பெயரிலும் முறையிலும் தொழில் நடத்தும் உரிமம்) எடுத்துத் தொழில் தொடங்க விரும்புவோருக்கு, கையெழுத்திடும் முன் ஒப்பந்தத்தை வரிவரியாகப் படித்து விளக்கும் சட்ட ஆலோசனைச் சேவை ஒன்றை அண்மையில் பயன்படுத்தினேன். கட்டணம் சற்று அதிகம்தான் என்றாலும், கிடைத்த தெளிவுக்கு அது தகும்.

உரிமத்துக்கான தொடக்கக் கட்டணத்தில் பேச்சு தொடங்கும் என்று எதிர்பார்த்தேன்; வழக்கறிஞரோ ஒப்பந்தம் எப்படி முடிவுக்கு வரும் என்பதைச் சொல்லும் பிரிவுகளையே முதலில் எடுத்தார். எந்தத் தவறைத் திருத்திக்கொள்ள அவகாசம் உண்டு, எதற்கு இல்லை, உரிமம் முடிந்தபின் அதே தொழிலை எத்தனை ஆண்டுகள், எவ்வளவு தொலைவுக்குள் நடத்தக் கூடாது, உரிமத்தைப் புதுப்பிக்கும்போது பழைய நிபந்தனைகள் தொடருமா என்பவற்றை அவர் விளக்கியபோது, போடும் முதலீடு எந்த அளவுக்குத் திரும்பி வரக்கூடியது என்பது புரிந்தது.

இந்தச் சேவையின் மிகப் பெரிய பயன், நான் கவனிக்காமல் கடந்திருக்கக்கூடிய ஒரே ஒரு வாக்கியத்தை எடுத்துக் காட்டியதுதான். நிறுவனத்தின் இயக்கக் கையேடு ஒப்பந்தத்தின் பகுதியாகக் கருதப்படும் என்றும், அதை நிறுவனம் அவ்வப்போது திருத்தலாம் என்றும் அந்த வாக்கியம் கூறியது. கையெழுத்திட்ட பிறகும் புதிய கருவிகளை வாங்கவோ, கடையின் உள்ளமைப்பை மாற்றவோ, குறிப்பிட்டவர்களிடம் மட்டுமே பொருள் கொள்முதல் செய்யவோ நம்மைக் கட்டாயப்படுத்த இது வழி செய்கிறது. இத்தகைய மாற்றங்களுக்கான செலவுக்கு ஆண்டு உச்சவரம்பு கேட்கும்படி அவர் சொன்ன யோசனை எனக்கு மிகவும் உதவியது.

நிறுவனத்துக்குத் தொடர்ந்து கட்ட வேண்டிய ராயல்டி பெரும்பாலும் லாபத்தின் மீதல்ல, விற்றுமுதலின் மீது கணக்கிடப்படுவதால், 6 விழுக்காடு என்றால் நட்டம் வந்த மாதத்திலும் அதைக் கட்டியாக வேண்டும். விற்பனைப் பிரதிநிதி வாய்மொழியாகத் தந்த உறுதிகளுக்கு, 'எழுத்தில் உள்ளதே முழு ஒப்பந்தம்' என்ற பிரிவு இருந்தால் பெரும்பாலும் மதிப்பிருக்காது. நமக்கென ஒதுக்கிய எல்லைக்குள் நிறுவனமே இணையவழியில் விற்கலாமா என்பதையும் கேட்டுப் பெற வேண்டும்.

அமெரிக்காவில் கூட்டாட்சி வர்த்தக ஆணையத்தின் விதிப்படி, நிறுவனம் தன்னைப் பற்றிய விவரங்களை 23 தலைப்புகளில் சொல்லும் வெளிப்படுத்தல் ஆவணத்தைக் கையெழுத்துக்குக் குறைந்தது 14 நாட்களுக்கு முன்பே தர வேண்டும். அத்தகைய சட்டம் இல்லாத நாடுகளில் வழக்குகள், மூடப்பட்ட கிளைகள், விலகியவர்களின் விவரம் ஆகியவற்றை நாமே கேட்டு வாங்க வேண்டியிருக்கிறது. அதற்கான கேள்விப் பட்டியல் ஒன்றை இச்சேவை தருகிறது. அது மிகச் சிறப்பாக இருந்தது.

குறைகளும் உண்டு. நேரில் விளக்கியபோது இருந்த எளிமை எழுத்துவடிவ அறிக்கையில் இல்லை. கடையின் வாடகை ஒப்பந்தத்தை இவர்கள் பார்ப்பதில்லை. உரிமம் 5 ஆண்டுகளும் வாடகை 10 ஆண்டுகளுமாக இருந்தால் மீதிக் காலத்தின் சுமை முழுவதும் நம் தலையில் விழும் என்பதால், இதைப் பெரிய குறையாகவே கருதுகிறேன். கூடுதல் கட்டணம் ஆனாலும், இரண்டு ஆவணங்களையும் ஒன்றாக வைத்துப் படிக்கும்படி முதல் சந்திப்பிலேயே கேட்டுக்கொள்வது நல்லது.