புஷ் நின்றுபோனால்: கிட் சொல்வதும் மெர்குரியல் சொல்வதும்

"ரெண்டு நாள் வேலை போச்சு அண்ணாச்சி" என்று பாளையங்கோட்டையில் படிக்கும் தம்பி ஒருவன் லேப்டாப்போடு வந்து நின்றான். கோடில் செய்யும் மாற்றங்களைப் பதிந்துவைக்கும் டூல்கள்தான் கிட்டும் மெர்குரியலும். அவன் திரையில் கிட்டின் செய்தி, சிவப்பாக 'ரிஜெக்டட்'. எதுவுமே தொலையவில்லை. அவனுடைய கமிட்டெல்லாம், அதாவது பதிந்துவைத்த மாற்றங்களெல்லாம், அவன் மெஷினிலேயே இருந்தன. கூடப் படிக்கும் பையன் முந்திப் புஷ் செய்திருந்தான் (தன் கமிட்களைப் பொது சர்வருக்கு அனுப்பியிருந்தான்), அவ்வளவுதான்.

இந்த இடத்தில் கிட் நீளமாகப் பேசுகிறது. சர்வரில் உன்னிடம் இல்லாத வேலை இருக்கிறது, முதலில் 'கிட் புல்' செய்து அதை இறக்கிக்கொள் என்கிறது. வழி சரிதான். ஆனால் பயந்தவன் தேடும் வரி அதில் இல்லை: உன் கமிட் பத்திரமாக இருக்கிறது. மெர்குரியல் சுருக்கம்: புஷ் செய்தால் புது 'ஹெட்' (ஒரு கிளையின் கடைசி கமிட்) உருவாகும், புல் செய்து மெர்ஜ் பண்ணு (இரண்டையும் இணை). ஆனால் 'ஹெட்' என்றால் என்னவென்று தெரியாதவனுக்கு அது பாதி பதில். நெல்லை ஜங்ஷனில் இறங்கி நெல்லையப்பர் கோயிலுக்கு வழி கேட்டால், 'ஈரடுக்குப் பாலம் ஏறுங்க, ஆர்ச்சு வரும், நேரா போங்க' என்று கண்ணில் படுவதை வைத்துத்தானே சொல்கிறோம்?

கமாண்டைத் தப்பாக அடித்தால் சரியானது எது என்று இரண்டுமே எடுத்துக் கொடுக்கின்றன. அதில் குறையில்லை.

பழைய கமிட்டுக்குப் போய் அங்கிருந்தே புதிதாக ஒரு கமிட் போட்டால்தான் வித்தியாசம் நன்றாகத் தெரியும். மெர்குரியல் 'புது ஹெட் உருவானது' என்று மூன்று சொல்லோடு நிறுத்திக்கொள்ளும். அந்த கமிட் லாகில் (கமிட்களின் பட்டியலில்) எப்போதும் தெரியும், அதனால் அது போதும். கிட்டில் அது எந்தப் பிராஞ்சிலும் (பெயர் வைத்த கிளையிலும்) சேராது. வேறு பிராஞ்சுக்குத் தாவும்போது, 'ஒரு கமிட்டை விட்டுவிட்டுப் போகிறாய்' என்று எச்சரித்து, அந்தக் கமிட்டின் எண்ணையும் காட்டி, பிராஞ்ச் உருவாக்கும் கமாண்டையும் எழுதித் தருகிறது. கிட்டின் செய்திகளில் எனக்கு ரொம்பப் பிடித்தது இதுதான். கவனிக்காமல் போனாலும் ரெஃப்லாக்கில் (நாம் போய்வந்த கமிட்களைக் கிட் குறித்துவைக்கும் இடத்தில்) வழக்கமாக 30 நாள் கிடக்கும். ஆனால் ரெஃப்லாக் என்று ஒன்று இருப்பது புதியவனுக்குத் தெரியாதே.

இரண்டும் 2005 ஏப்ரலில் பிறந்தவை. டூலின் அமைப்பே ஆளைக் காப்பாற்றினால் செய்தி சின்னதாக இருக்கலாம். அமைப்பு கைவிடும் இடத்தில் செய்தி பேசித்தான் ஆக வேண்டும். கிட் பாதியாவது பேசுகிறது, அதனால் புதியவர்களுக்கு நான் கிட்டைத்தான் சொல்லுவேன். அந்த ரிஜெக்டட் செய்தியில் மட்டும் முதல் வரி இப்படி வேண்டும்: 'உங்கள் கமிட்கள் இந்த மெஷினில் அப்படியே இருக்கின்றன.' அப்புறம் 'கிட் புல்'.