தபாலில் வரும் கிளாஸ்டன்பரி டிக்கெட்: சில வருட அனுபவம்

இங்கிலாந்தில் நடக்கும் கிளாஸ்டன்பரி இசை விழாவுக்கு டிக்கெட் எடுப்பவர்கள் இரண்டு முறை காத்திருக்க வேண்டும். முதல் காத்திருப்பு எல்லோருக்கும் தெரிந்தது. ஞாயிற்றுக்கிழமை காலை 9 மணிக்கு லேப்டாப்பைத் திறந்து வைத்து உட்கார வேண்டும். அரை மணி நேரம் போல ஆனதும் எல்லாம் விற்றுத் தீர்ந்துவிடும். 2020 விழாவுக்கான டிக்கெட்டுகள் 2019 அக்டோபரில் 34 நிமிடத்தில் தீர்ந்தன. இதைப் பற்றி நிறையப் பேர் எழுதிவிட்டார்கள். இரண்டாவது காத்திருப்பைப் பற்றித்தான் யாரும் எழுதுவதில்லை. பணம் கட்டிய பிறகு அச்சடித்த டிக்கெட் தபாலில் வீட்டுக்கு வந்து சேர ஏழெட்டு மாதம் ஆகும். 2019லிருந்து பிரிஸ்டலில் வாடகை வீடுகளில் இருந்துகொண்டு அந்தக் காத்திருப்பை நான் அனுபவித்து வருகிறேன். புதிதாக முயற்சி செய்யும் நம்மவர்களுக்கு உதவும் என்பதால் எழுதுகிறேன்.

நடைமுறை தெரியாதவர்களுக்காகச் சுருக்கமாக: முதலில் உங்கள் படத்தோடு பெயரைப் பதிவு செய்து ஒரு பதிவு எண் வாங்க வேண்டும். விற்பனை நாளில் அந்த எண்ணையும், பதிவில் கொடுத்த போஸ்ட்கோடையும் கேட்பார்கள். ஒரே தடவையில் ஆறு பேர் வரை எடுக்கலாம். அன்று முன்பணம் மட்டும்தான். சமீப வருடங்களில் தலைக்கு 75 பவுண்டு. பாக்கியை ஏப்ரல் முதல் வாரத்தில் கட்ட வேண்டும். கட்டாதவர்களின் இடங்கள் அந்த மாதமே மறுவிற்பனைக்குப் போய்விடும். அதன் பிறகு டிக்கெட்டுகள் அச்சாகி, ஜூன் கடைசியில் நடக்கும் விழாவுக்குச் சில வாரங்கள் முன்பாகத் தபாலில் வரும்.

இந்தக் காலத்தில் காகிதம் எதற்கு, போனில் அனுப்பினால் போதாதா என்று கேட்பவர்கள் உண்டு. எனக்கு இதில் தெளிவான கருத்து இருக்கிறது: காகிதமே இருக்கட்டும். 1970இல் சாமர்செட்டில், பில்டன் கிராமத்து வர்தி பண்ணையில், மைக்கேல் ஈவிஸ் முதல் விழாவை நடத்தியபோது நுழைவுக் கட்டணம் ஒரு பவுண்டு. பண்ணைப் பாலும் அதில் அடக்கம். வந்தவர்கள் சுமார் 1,500 பேர். 2000ஆம் வருடம் வேலி தாண்டி உள்ளே வந்த கூட்டம் கட்டுக்கடங்காமல் போய், அடுத்த வருடம் விழாவையே நிறுத்தி வைக்க வேண்டியதாயிற்று. 2002இல்தான் பெரிய வேலி வந்தது. வேலி போட்டதும் கள்ளச் சந்தைக்காரர்களின் கை ஓங்கியது. அதற்குப் பதிலாக 2007இல் வந்ததுதான் படத்தோடு கூடிய பதிவு. டிக்கெட்டில் என் முகமே அச்சாகி வருவதால் நான் அதை வேறொருவருக்கு விற்க முடியாது, இன்னொருவர் அதை வைத்துக்கொண்டு உள்ளே நுழையவும் முடியாது. டிக்கெட்டை அச்சிட்ட விலைக்கு மேல் மறுவிற்பனை செய்வதைத் தடை செய்யப் போவதாக பிரிட்டிஷ் அரசாங்கம் 2025 நவம்பரில்தான் அறிவித்தது. இந்தப் பண்ணைக்காரர்கள் ஒரு படத்தையும் ஒரு தாளையும் வைத்து அதை எத்தனையோ வருடம் முன்பே செய்து காட்டிவிட்டார்கள். வேறு கச்சேரிகளுக்கு மூன்று மடங்கு, நான்கு மடங்கு கேட்கும் தளங்களைப் பார்த்து வயிறெரிந்த யாருக்கும் இதன் அருமை புரியும்.

ஆகவே காத்திருப்பதில் எனக்குக் குறை இல்லை. யார் காத்திருக்கிறார்கள், எந்த முகவரியில் காத்திருக்கிறார்கள் என்பதில்தான் சிக்கல்.

2020ஐ எடுத்துக்கொள்வோம். 2019 அக்டோபரில் முன்பணம் 50 பவுண்டு கட்டினோம். 2020 மார்ச் 18ஆம் தேதி கொரோனாவால் விழா ரத்து. அப்போது டிக்கெட் அச்சாகவே இல்லை, பாக்கி கட்டும் நாளும் வரவில்லை. முன்பணத்தைத் திரும்ப வாங்கிக்கொள்ளலாம், அல்லது அடுத்த வருடத்துக்கு அப்படியே விட்டு வைக்கலாம் என்றார்கள். விட்டு வைத்தோம். 2021 ஜனவரியில் அந்த வருட விழாவும் ரத்தானது. கடைசியில் 2022 கோடையில் உறை வந்தபோது எங்கள் குழுவில் பாதிப் பேர் வீடு மாறியிருந்தார்கள், ஒருத்திக்குக் கல்யாணமாகிக் குழந்தையும் பிறந்திருந்தது. டிக்கெட்டில் இருந்ததோ 2019இல் பதிவு செய்தபோது கொடுத்த படங்கள். பள்ளிக்கூட பஸ் பாஸில் ஒட்டிய படம் மாதிரி எல்லோரும் கொஞ்சம் இளமையாக, கொஞ்சம் விறைப்பாக இருந்தோம். அந்தத் தாள்களைச் சாப்பாட்டு மேஜையில் வரிசையாகப் பரப்பி வைத்து வெகு நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். நடுவில் போன இரண்டு வருடங்களில் ஊருக்குப் போக முடியாமல் எத்தனை பேர் எத்தனை துக்கத்தை போன் திரையில் பார்த்தோம்! 2020க்கு அறிவிக்கப்பட்டிருந்த பீட்டில்ஸ் பாடகர் பால் மெக்கார்ட்னி, 80 வயது முடிந்த மறுவாரமே, 2022 ஜூன் 25 இரவு விழாவின் முக்கிய மேடையான பிரமிட் மேடையில் பாடினார். முன்பணத்தைத் திரும்பக் கேட்காமல் இருந்ததற்கு அந்த ஒரு இரவே போதும்.

ஆனால் அந்த உறை சரியான வீட்டுக்கு வந்தது தற்செயலாக அல்ல. முகவரி மாற்றம் என்று ஒரு வேலை இருக்கிறது, அதற்கு ஒரு கடைசித் தேதியும் இருக்கிறது. சொந்த வீட்டில் இருப்பவர்களுக்கு இது பெரிய விஷயமே இல்லை. வாடகைக்கு இருப்பவர்களுக்கு அக்டோபரில் கொடுத்த முகவரி ஜூனில் அவர்களுடையதாகவே இருக்காது. மாணவர்களுக்கு இன்னும் மோசம். பல பேருக்கு ஒப்பந்தம் முடிவதே ஜூனில்தான். ஏப்ரலில் பாக்கி கட்டும் அன்றே முகவரியையும் பார்த்துவிடுவது என்று எங்கள் குழுவில் வழக்கமாக்கி வைத்திருக்கிறோம். அதே கையோடு போஸ்ட்கோடையும் சரிபார்த்துவிடுவோம்.

அடுத்தது கையெழுத்து. இந்த டிக்கெட்டைக் கதவில் இருக்கும் துவாரம் வழியாகப் போட்டுவிட்டுப் போக மாட்டார்கள். ஊரில் பதிவுத் தபால் வருவது போல, ஆள் இருந்து வாங்க வேண்டும். வேலை நாளில் வரும். வீட்டில் ஆள் இல்லையென்றால் ஒரு அட்டையைப் போட்டுவிட்டுப் போவார்கள், நாம் போய் எடுத்துவர வேண்டும். இங்கேதான் நம் பெயர்கள் பாடாய்ப் படுத்தும். உறை என் பெயருக்கு வந்தது. எடுக்கப் போனது என் மனைவி. அவளுடைய பாஸ்போர்ட்டில் அவள் அப்பா பெயர் பின்னால் நிற்கிறது, என்னுடையதில் என் அப்பா பெயர். இந்த இரண்டு பேரும் ஒரே வீட்டுக்காரர்கள் என்று கவுன்ட்டரில் இருந்தவரால் எப்படி முடிவு செய்ய முடியும்? அவர் நிதானமாக ஓட்டுநர் உரிமத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார், முகவரியை வாய்க்குள் படித்தார், பிறகு மன்னிப்புக் கேட்டுவிட்டு, பெயருக்கு உரியவரையே வரச் சொன்னார். அவர் மேல் தவறு சொல்ல மாட்டேன். மறுநாள் வேலைக்குத் தாமதமாகப் போய் நானே வாங்கினேன். தமிழ்ப் பெயர் வைத்திருப்பவர்கள், முதலெழுத்து, அப்பா பெயர், குடும்பப் பெயர் என்ற குழப்பம் இல்லாமல், பாஸ்போர்ட்டில் உள்ளபடியே பதிவு செய்து கொள்ளுங்கள். விழா வாசலிலும் அடையாளம் கேட்டால் அதுதான் உதவும்.

உண்மையிலேயே நெஞ்சைப் பதறவைத்தது 2023. அப்போது ஒரு அடுக்குமாடிக் கட்டடத்தில் இருந்தோம், கீழே வரவேற்பு மேஜை உண்டு. ட்ராக்கிங்கில் ‘ஒப்படைக்கப்பட்டது, கையெழுத்து பெறப்பட்டது’ என்று காட்டுகிறது. கையில் ஒன்றும் இல்லை. யார் கையெழுத்து போட்டார்கள் என்று மேஜையில் இருந்தவருக்கும் தெரியவில்லை. அந்த வருடம் ஒரு டிக்கெட் 335 பவுண்டு, மேலே 5 பவுண்டு கட்டணம். ஆறு டிக்கெட் ஒரே உறையில், மொத்தம் 2,040 பவுண்டு. லெஸ்டரிலும் கொவென்ட்ரியிலும் லண்டனிலும் இருக்கும் நண்பர்கள் வாட்ஸ்அப்பில் மாற்றி மாற்றிக் கேட்கிறார்கள். யாரும் கோபப்படவில்லை, எனக்கு அது இன்னும் கஷ்டமாக இருந்தது. வார இறுதி முழுக்கக் கதவு கதவாகத் தட்டினோம். கடைசியில் எங்கள் எண்ணிலேயே பக்கத்து பிளாக்கில் இருந்த வீட்டின் தபால் பெட்டிக்குள் கிடந்தது. அந்த வீட்டுப் பெண்மணி வெளியூர் போய் வந்த அன்று இரவே தானாகக் கொண்டுவந்து கொடுத்தார். அவருக்கு அதில் என்ன இருக்கிறது என்றுகூடத் தெரியாது.

இந்த இடத்தில்தான் என் ஒரே கோரிக்கை. டிக்கெட் எடுக்கும் ஒவ்வொருவரும் தனித்தனியாகப் பதிவு செய்கிறோம், ஒவ்வொருவரும் முகவரி கொடுக்கிறோம். அப்படியிருக்க, எல்லா டிக்கெட்டும் பணம் கட்டியவரின் முகவரிக்கே வருவானேன்? அவரவர் டிக்கெட்டை அவரவர் வீட்டுக்கு அனுப்பினால் ஒரு உறை தொலைந்தால் ஒருவருக்குத்தான் கவலை. இப்போது இருக்கும் ஏற்பாட்டில், உறை வந்த பிறகு இன்னொரு சுற்று ஆரம்பமாகிறது: ஒருவருக்கு மறுபடி பதிவுத் தபால், இன்னொருவருக்கு நேரில், மூன்றாமவர் விழாவுக்குப் பக்கத்தில் இருக்கும் காசில் கேரி ரயில் நிலையத்தில் இறங்கிக் காத்திருக்க வேண்டும். ஆறு டிக்கெட்டையும் பையில் வைத்திருக்கும் ஆளின் ரயில் தாமதமானால் எல்லோரும் வெளியே. தபால் செலவு கூடும் என்பார்கள். தலைக்கு ஏழெட்டு பவுண்டு கூடுதலாகக் கேட்டாலும் நான் மனமார கட்டுவேன்.

இந்தத் தொல்லையே வேண்டாம் என்பவர்களுக்கு கோச் டிக்கெட் இருக்கிறது. பேருந்துப் பயணத்தோடு சேர்த்து விற்பது, பொது விற்பனைக்குச் சில நாள் முன்பு, வியாழக்கிழமை மாலை விற்பனைக்கு வரும். இதில் விழா டிக்கெட் வீட்டுக்கு வராது. பேருந்தில் ஏறும்போது கையில் கொடுத்துவிடுவார்கள். 2024இல் அப்படிப் போனோம். நிம்மதி என்றால் அப்படி ஒரு நிம்மதி. ஆனால் எல்லோரும் ஒரே ஊரில், ஒரே நேரத்தில் ஏற வேண்டும். வெவ்வேறு ஊரில் சிதறிக் கிடக்கும் எங்களைப் போன்ற குழுவுக்கு வருடா வருடம் ஒத்துவராது. ஜூன் மாதத்தில் உறையைப் பிரித்து விவரக் கையேட்டைப் புரட்டும் சந்தோஷமும் அந்த வருடம் இல்லை. என் மனைவிக்கு அது ஒரு பொருட்டே இல்லை, எனக்கு இருந்தது.

குழந்தைகளோடு போகிறவர்களுக்கு ஒரு தகவல்: 12 வயது வரை டிக்கெட் தேவையில்லை. அந்த அளவுக்கு உறையில் ஒரு தாள் குறைவு.

2026இல் விழா இல்லை. 2006, 2012, 2018 மாதிரி நிலத்துக்கு ஓய்வு கொடுக்கும் வருடம். மாடுகள் மேயட்டும் என்று புல்வெளியைச் சும்மா விடுவார்கள். ஆகவே அடுத்தது 2027. எங்கள் குழுவில் இப்போதே ஒரு முடிவு எடுத்திருக்கிறோம். விற்பனை நாளில் யாருடைய இணைப்பு வேகமானது என்று பார்க்காமல், யார் வீட்டுக்கு உறை வர வேண்டும் என்பதை முதலில் பார்ப்பது. லெஸ்டரில் இருக்கும் அக்கா சொந்த வீட்டுக்காரர், வாரத்தில் பாதி நாள் வீட்டிலிருந்தே வேலை செய்கிறார், தெருவில் எல்லோருக்கும் அவரைத் தெரியும். பணம் கட்டுபவராக அவர் பெயர் இருக்கும், மற்றவர்கள் அவருடைய பதிவு எண்ணையும் போஸ்ட்கோடையும் முதல் வரியில் போட்டு முயற்சி செய்வோம்.