3ஜி நின்றதும் பாதி வேலையை நிறுத்திக்கொண்ட மோட்டார் பெட்டி: ஒரு மதிப்புரை

நீலகிரியில் கேத்தி பாலாடா பக்கம் கேரட், பீட்ரூட், உருளைக்கிழங்கு போடும் எங்களைப் போன்றவர்களுக்கு, பள்ளத்து ஓடையோரம் இருக்கும் மோட்டாரை வீட்டிலிருந்தே கைப்பேசி வழியாக இயக்கித் தரும், சிம் அட்டை போட்ட பெட்டி (சிம் பெட்டி) சொகுசுப் பொருள் அல்ல. தோட்டம் மேட்டிலும் தண்ணீர் பள்ளத்திலும் இருக்கும் இடத்தில், மும்முனை மின்சாரம் வரும் நேரம் பார்த்து, காட்டெருமையும் கரடியும் நடமாடும் பாதையில் இருட்டில் இறங்கி ஸ்டார்ட்டரைப் போட்டுவிட்டு வர வேண்டிய தேவையை அது இல்லாமலாக்குகிறது. கோயம்புத்தூரில் 2022-இல் வாங்கிய அப்படியொரு பெட்டியைப் பற்றியும், 3ஜி சேவை நின்றபின் அதற்கு நேர்ந்ததைப் பற்றியும், அந்த நிலையில் வாங்கியவருக்குச் சட்டத்தில் என்ன இடம் இருக்கிறது என்பதைப் பற்றியும் எழுதுகிறேன். புகார் இன்னும் நடப்பில் இருப்பதால் நிறுவனத்தின் பெயரைத் தவிர்த்திருக்கிறேன்.

முதலில் பொருளின் தரத்தைச் சொல்லிவிடுகிறேன், ஏனெனில் அதில் குறை சொல்ல அதிகம் இல்லை. மூடியின் ஓரத்தில் ரப்பர் பட்டை சுற்றியிருப்பதால் எங்கள் ஊர் மஞ்சு ஈரம் உள்ளே போகவில்லை. வயர் முடுக்கும் திருகுகளில் துரு ஏறவில்லை. மூன்று பேஸில் ஒன்று போனால் மோட்டாரை நிறுத்திவிடுகிறது. ஓடை வற்றி மோட்டார் தண்ணீரில்லாமல் ஓடினால், ஆம்பியர் இறங்குவதைக் கண்டு அப்போதும் நிறுத்துகிறது. காயில் கருகிய மோட்டாரைக் கழற்றி, சாலைவரை சுமந்து, குன்னூருக்கோ ஊட்டிக்கோ அனுப்பிக் கட்டி வாங்கும் செலவை அறிந்தவர்களுக்கு இதன் அருமை தெரியும். ஆன்டெனாவை நீண்ட வயரில் மோட்டார் அறைக் கூரைக்கு மேல் ஏற்றிக் கட்டும் வசதியும் சிக்னல் மெலிந்த பள்ளங்களுக்கு ஏற்றது.

ஆனால் இத்தனையும் விலை குறைந்த பெட்டிகளிலும் கிடைக்கும். கூடுதல் விலை கொடுத்து இதை வாங்கியதற்குக் காரணம் இதன் செயலி. எங்கிருந்தாலும் மோட்டாரின் ஓல்டேஜையும் ஆம்பியரையும் கைப்பேசியில் பார்க்கலாம், வீட்டில் நாலு பேர் இயக்கலாம், ஓடிய நேரக் கணக்கு வரும், டைமர் வைக்கலாம் என்று அட்டைப்பெட்டியின் முன்பக்கத்திலேயே அச்சிட்டிருந்தார்கள். செயலி ஆயுள் முழுவதும் இலவசம் என்ற வரியும் அங்கேயே இருந்தது. இவற்றில் டைமர்தான் எங்களுக்கு முக்கியமானது. டிசம்பர், ஜனவரியில் உறைபனி விழுந்த இரவுகளுக்குப் பின், வெயில் ஏறுவதற்குள் ஸ்பிரிங்ளரைப் போட்டு இலைமேல் படிந்த பனியைக் கழுவிவிட வேண்டும்; தவறினால் உருளைச் செடி கருகிவிடும்.

பெட்டிக்குள் இருந்து கைப்பேசிக் கோபுரத்தோடு பேசும் கருவியான மோடம் 3ஜி-யையும் 2ஜி-யையும் மட்டுமே அறியும். எங்கள் பள்ளத்தில் சிக்னல் தரும் ஒரே நிறுவனம் 3ஜி-யை நிறுத்தியபோது பெட்டி 2ஜி-க்கு இறங்கியது. அழைத்தால் எடுக்கிறது, எண்ணை அழுத்தினால் மோட்டார் ஓடுகிறது, குறுஞ்செய்தி அனுப்பினால் பதில் வருகிறது. ஆனால் செயலி பெட்டியோடு பேசுவதில்லை. அந்த வேகத்தில் செயலியை நடத்தும் மையக் கணினியான சர்வரோடு இணைப்பு நிலைக்காது என்பதே உதவி எண்ணில் கிடைத்த விளக்கம். அதைவிடக் கடுமையான செய்தி அதற்குப் பின்புதான் தெரியவந்தது. டைமர் பெட்டிக்குள் இருக்கவே இல்லை. நாம் வைக்கும் நேரத்தை நிறுவனத்தின் சர்வர் வைத்துக்கொண்டு, அந்த நேரத்தில் பெட்டிக்குக் கட்டளை அனுப்புகிறது. கையேட்டின் எந்தப் பக்கத்திலும் இது சொல்லப்படவில்லை. ஆகவே உறைபனி விழுந்த ஒரு விடியற்காலையில், செயலியில் ஐந்தரை மணி டைமருக்குப் பக்கத்தில் பச்சைக் குறி அப்படியே இருக்க, பள்ளத்தில் மோட்டார் அசையவில்லை. கீழ்த்தட்டில் இருந்த உருளைப் பாத்திகள் கருகின. இணைப்பு அறுந்த பெட்டிக்கும் டைமர் தயாராக இருப்பதாகக் காட்டும் செயலியை நான் மன்னிக்கத் தயாராக இல்லை.

நெட்வொர்க் தலைமுறை மாறுவது இந்தத் தயாரிப்பாளரின் குற்றம் அல்ல. ஒரே அலைக்கற்றையில் 4ஜி அதிகத் தரவைக் கொண்டுசெல்லும் என்பதால், தொலைத்தொடர்பு நிறுவனங்கள் 3ஜி-யை மூடுவது உலகம் முழுவதும் நடந்தது. சாதாரணக் கைப்பேசி வைத்திருப்போர் இன்னும் கோடிக்கணக்கில் இருப்பதால் நம் நாட்டில் 2ஜி தப்பியது. என் குறை அதைப் பற்றியதே அல்ல. ஏர்டெல் 2019-இலேயே கொல்கத்தாவில் தொடங்கி 3ஜி-யை மூட ஆரம்பித்துவிட்டது. ஜியோ 2016-இல் வந்தபோதே 4ஜி மட்டும் கொண்டுதான் வந்தது. இது தெரிந்திருந்தும் 2022-இல் 3ஜி மோடம் வைத்த பெட்டியை, அந்தச் செய்தியைச் சொல்லாமல், செயலி ஆயுளுக்கும் இலவசம் என்று விற்றதுதான் என் குற்றச்சாட்டு. 2018-இல் ஏர்செல் நின்றபோது தமிழ்நாட்டில் எத்தனையோ சிம் பெட்டிகள் ஊமையாயின; வேறு நிறுவனத்தின் சிம்மைப் போட்டதும் அவை பிழைத்துக்கொண்டன. ஒரு தலைமுறையே மூடப்படும்போது சிம்மை மாற்றிப் பயனில்லை, மோடமையே மாற்ற வேண்டும். இந்த வேறுபாடு தயாரிப்பாளருக்குத் தெரியும், தோட்டக்காரருக்குத் தெரிந்திருக்க வழியில்லை.

நிறுவனத்தின் பதில், நெட்வொர்க் மாற்றம் உத்தரவாதத்தில் அடங்காது, பழைய பெட்டியைக் கொடுத்தால் 4ஜி பெட்டியைத் தள்ளுபடியில் தருகிறோம் என்பதாக இருந்தது. இந்த இடத்தில் என்னைப் போன்றவர்களுக்கு ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும்: பழைய பெட்டியையும் அதன் அட்டையையும் கொடுத்துவிட்டால், என்ன சொல்லி விற்றார்கள் என்பதற்கான சான்றும் அதோடு போய்விடும். பில், அட்டையின் படம், செயலியில் இணைப்பு இல்லை என்று காட்டும் திரையின் படம் ஆகியவற்றை எடுத்து வைத்துக்கொண்டு, புகாரை எழுத்தில் அனுப்பிப் பதிலையும் எழுத்தில் கேளுங்கள்.

2020 ஜூலையில் நடைமுறைக்கு வந்த நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 2019, இணையத்தோடு இணைந்த கருவிகளுக்கென்று தனிப் பிரிவு எதையும் வைக்கவில்லை. ஆயினும் பிரிவு 2(11), வாங்குபவருக்குத் தேவையான தகவலை வேண்டுமென்றே சொல்லாமல் மறைப்பதையும் சேவைக் குறைபாடு என்கிறது. பெட்டி ஒரு பொருள். செயலியும் சர்வரும் அதோடு சேர்த்து விற்கப்பட்ட சேவை. ஆகவே உத்தரவாதக் காலம் முடிந்துவிட்டது என்ற ஒரே பதிலால் இந்தக் கேள்வி தீர்ந்துவிடாது என்பது என் கருத்து. அட்டையில் அச்சிட்ட உறுதி உண்மைக்குப் புறம்பானது என்றால் அது நியாயமற்ற வணிக நடைமுறை என்றும் வாதிட இடமுண்டு. அதே சமயம், கருகிய உருளைக்கு இழப்பீடு கேட்பது எளிதல்ல என்பதையும் சொல்ல வேண்டும். குறையுள்ள பொருளால் நேரும் தீங்குக்குத் தயாரிப்பாளரும் விற்றவரும் பொறுப்பேற்பதைப் பற்றி (பொருள் பொறுப்பு) பேசும்போது அச்சட்டம், பொருளுக்கே நேரும் சேதத்தையும் வணிக, பொருளாதார இழப்பையும் தீங்கு என்ற கணக்கில் சேர்ப்பதில்லை. நான் கேட்பது, 4ஜி மோடம் பலகையை நியாயமான அடக்க விலையில் மாற்றித் தர வேண்டும், டைமரைப் பெட்டிக்குள்ளேயே இயங்கும்படி செய்ய வேண்டும் என்ற இரண்டும்தான். மூன்று ஆண்டுக்கு அருகில் பயன்படுத்திய பொருளுக்கு முழு விலையைத் திருப்பிக் கேட்டால், புகாரை விசாரிக்கும் நுகர்வோர் ஆணையம் அதைக் குறைத்துவிடும் என்றே எண்ணுகிறேன்.

விவசாயத்துக்கு வாங்கியது வணிக நோக்கம், எனவே நீங்கள் நுகர்வோரே அல்ல என்று விற்றவர்கள் சொல்லக்கூடும். சுயதொழிலால் பிழைப்பு நடத்த வாங்கிப் பயன்படுத்துபவர் நுகர்வோர்தான் என்று சட்டத்தின் விளக்கமே சொல்கிறது. 2012-இல் தேசிய விதைக் கழகத்தின் வழக்கில், விதை வாங்கிய விவசாயிகளை உச்ச நீதிமன்றம் நுகர்வோர் என்றே ஏற்றது. தொலைத்தொடர்பு நிறுவனத்தின் மேலேயே குறை இருப்பவர்களுக்கும் வழி அடைபடவில்லை. நுகர்வோர் ஆணையம் அத்தகைய புகார்களை விசாரிக்கலாம் என்று அதே நீதிமன்றம் 2022 பிப்ரவரியில் தெளிவாக்கிவிட்டது.

கோயம்புத்தூரில் வாங்கியதற்காக அங்கே அலைய வேண்டியதில்லை. நாம் வசிக்கும் அல்லது தொழில் செய்யும் மாவட்டத்திலேயே புகார் கொடுக்கலாம். நீலகிரிக்காரர்களுக்கு அது உதகமண்டலம். வாங்கிய விலை 5 லட்சம் ரூபாய் வரை இருந்தால் கட்டணம் இல்லை, வழக்கறிஞர் கட்டாயமில்லை, நுகர்வோர் புகார்களுக்கான அரசின் இ-ஜாக்ரிதி இணையதளத்தில் வீட்டிலிருந்தே பதியலாம். காணொளி வழி விசாரணைக்கு விண்ணப்பிக்கவும் சட்டம் இடம் தருகிறது; கொடைக்கானல் மலையிலிருந்து திண்டுக்கல்லுக்கு இறங்க வேண்டியவர்களுக்கு இது பெரிய உதவி. புகாருக்கான காரணம் எழுந்ததிலிருந்து இரண்டு ஆண்டுக்குள் பதிய வேண்டும் என்பதை மட்டும் மறக்கக் கூடாது. அதற்கு முன் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் தமிழிலேயே பேசிச் சமரசத்துக்கு முயலலாம். நானும் அங்கிருந்துதான் தொடங்கினேன்.

வெளிநாடுகளிலும் இதே தொல்லை உண்டு. அமெரிக்காவில் ஏடி அண்டு டி நிறுவனம் 2022 பிப்ரவரியில் 3ஜி-யை மூடியபோது, பல கார்களின் அவசர அழைப்பு வசதியும் தொலைவிலிருந்து இயக்கும் வசதியும் நின்றன. அந்நாட்டின் மத்திய வணிக ஆணையத்தின் அலுவலர்கள் 2024-இல் 184 இணையக் கருவிகளைப் பார்த்தபோது, 163 கருவிகளுக்கு மென்பொருள் ஆதரவு எவ்வளவு காலம் என்ற தகவலே தயாரிப்பாளரின் இணையதளத்தில் இல்லை. பாதுகாப்புப் புதுப்பிப்பைக் குறைந்தது எதுவரை தருவோம் என்பதை வெளியிட வேண்டும் என்ற சட்டம் பிரிட்டனில் 2024 ஏப்ரல் முதல் நடைமுறையில் இருக்கிறது. நம் நாட்டிலும் அட்டையில் விலையும் தயாரித்த மாதமும் போடுவதைப் போல இதையும் கட்டாயமாக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

இப்போது வாங்கப் போகிறவர்கள் 4ஜி-யும் 2ஜி-யும் இரண்டையும் பிடிக்கும் மோடம்தானா, எந்த நிறுவனத்தின் சிம்மையும் போடலாமா, நெட்வொர்க்கே இல்லாதபோதும் டைமர் ஓடுமா, செயலியை எந்த ஆண்டுவரை நடத்துவார்கள் என்று கேட்டு, பதிலைப் பில்லிலேயே எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். மோட்டாரைக் காக்கும் பெட்டியாக மட்டும் பார்த்தால் நான் வாங்கியதற்கு நல்ல மதிப்பெண் தருவேன். ஆனால் அந்த நிறுவனம் இப்போது விற்கும் 4ஜி பெட்டியைக் கடையில் எடுத்துப் பார்த்தேன்: செயலி ஆயுள் முழுவதும் இலவசம் என்ற வரி அப்படியே இருக்கிறது, எந்த ஆண்டுவரை என்பது எங்கும் இல்லை. அந்த ஆண்டை அச்சிடும்வரை, செயலியை நம்பி இதை வாங்கும்படி யாருக்கும் நான் பரிந்துரைக்க மாட்டேன்.