குடிமகனை யார் உருவாக்குவது? பிளேட்டோ, அரிஸ்டாட்டில், ஐசோக்ரட்டீஸ்

கி.மு. 4ஆம் நூற்றாண்டு ஏதென்ஸில் பிள்ளைக்கு எழுத்தும் யாழும் உடற்பயிற்சியும் சொல்லித்தர வைப்பது அப்பன் பாடு. வசதி உள்ளவன் பிள்ளை நாலு வருஷம் கூடப் படிப்பான், அவ்வளவுதான். இப்படி விட்டால் ஊர் உருப்படாது என்பதில் பிளேட்டோவும் அரிஸ்டாட்டிலும் ஒரே கட்சி. சண்டையெல்லாம் அதற்கு அப்புறம்தான்.

பிளேட்டோவின் 'குடியரசு' போடும் பாடத்திட்டம் மலைக்க வைக்கும். சின்ன வயதில் கதை, இசை, உடற்பயிற்சி, அதிலும் கிரேக்கரின் பழங்கவி ஹோமர் பாடலில் தேவர்கள் அடித்துக்கொள்வதும் வீரர்கள் அழுது புரள்வதும் வெட்டு. 20 வயதில் தேறியவர்களுக்கு 10 வருஷம் கணிதமும் வானியலும், 30இல் மறுபடி வடிகட்டி 5 வருஷம் தருக்கம், அப்புறம் 15 வருஷம் பதவிகளில் அனுபவம், 50 வயதில்தான் ஆளும் தகுதி. இது ஆளப்போகிறவர்களைப் பொறுக்கி எடுக்கும் திட்டம்; செருப்புத் தைப்பவன் என்ன படிப்பான் என்ற கவலை அதில் அதிகம் இல்லை. ஆனால் ஊரைக் காத்து ஆளும் காவலர் வகுப்புப் பெண்களுக்கும் அதே பயிற்சி என்று அன்றைக்கே சொன்ன மனுஷன். கடைசிக் காலத்தில் எழுதிய 'சட்டங்கள்' நூலில் தரைக்கு இறங்கி வருகிறார்: ஆண், பெண் இரு பாலருக்கும் கட்டாயக் கல்வி, மேலே 50 வயது கடந்த ஒரு கல்வி அதிகாரி, நகரத்தின் உயர் பதவிகளிலேயே பெரியது அதுதான். எனக்கு 'குடியரசை'விட இதுதான் பிடிக்கும்.

பிளேட்டோவிடம் 20 வருஷம் இருந்த அரிஸ்டாட்டிலும் கல்வி ஊரின் பொறுப்பில், எல்லோருக்கும் ஒன்றாக இருக்க வேண்டும் என்கிறார். பிள்ளைகளை ஊரே பயிற்றுவித்த போர்க்குண கிரேக்க நகரமான ஸ்பார்ட்டாவை அதற்காக மெச்சிவிட்டு, பிள்ளைகளை முரடர்களாக்குகிறார்கள் என்று உடனே ஒரு குட்டும் வைக்கிறார். சிறுவனாக ஒலிம்பிக்கில் வென்றவர்களில் பெரியவனான பிறகும் வென்றவர் இரண்டு மூன்று பேர்தான், சிறு வயதிலேயே கசக்கிப் பிழிந்தால் அப்படித்தான் ஆகும் என்பது அவர் வாதம். இசையை வாசித்தே பழகணும், ஆனால் தொழிலுக்காக இல்லை, ரசித்து மதிப்பிடத் தெரிவதற்கு. நல்ல பேச்சுதான். ஆனால் அவருடைய சிறந்த நகரத்தில் கைத்தொழில் செய்பவனுக்குக் குடியுரிமையே கிடையாது, 'எல்லோருக்கும்' என்பது அதோடு சுருங்கிவிடுகிறது.

ஏதென்ஸில் பேச்சுக்கலை சொல்லித்தந்த ஐசோக்ரட்டீஸ் வேறு ரகம். நாளைய மக்கள் சபையில் போரா சமாதானமா என்று கை தூக்கப்போகிறவனுக்கு அசைக்க முடியாத உண்மை வந்து சேரும்வரை காத்திருக்க நேரமில்லை. இருக்கிற தகவலை வைத்துச் சரியாக முடிவெடுக்கவும் அதை எடுத்துச் சொல்லவும் தெரிந்தால் போதும் என்பது அவர் கட்சி. வடிவியல் மூளைக்கு நல்ல பயிற்சி, அதிலேயே கிடக்காதே என்பார். இத்தனைக்கும் குரல் எடுபடாது, சபைக் கூச்சம் வேறு, அதனால் பேச்சுகளை எழுதியே காலம் தள்ளியவர். மக்களாட்சிக்கு மூன்றில் பொருந்துவது இவர் பாடம்தான் என்பேன். ஆனால் நடத்தியது தனியார் பள்ளி. கட்டணம் 1,000 திராக்மா (அன்றைய கிரேக்க வெள்ளி நாணயம்) என்கின்றன பழைய குறிப்புகள். கைவினைஞனின் ஒரு நாள் கூலி ஒன்றிரண்டு திராக்மா. சபையில் கை தூக்குபவர்களில் எத்தனை பேரால் அதைக் கட்டியிருக்க முடியும்?